ஊரடங்கில் காலனி: அடைபட்ட மனமும் மறிக்கப்பட்ட சாலையும்

2020 மே முதல் நாள் மத்திய சுகாதார அமைச்சகம் நாட்டின் மாவட்டங்களை மூன்று நிறங்களாகப் பிரித்துப் பட்டியல் வெளியிட்டது. தமிழ்நாட்டின் 37 மாவட்டங்களில் 12 சிவப்பு, 24 ஆரஞ்சு. எஞ்சிய ஒரே பச்சை மாவட்டம் கிருஷ்ணகிரி. தொற்றே இல்லாத மாவட்டம் என்ற பெருமிதம் அன்று இங்கே எல்லாத் தரப்பிலும் இருந்தது. அந்தப் பெருமிதத்தில் எங்களுக்கும் பங்கிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் பச்சையைக் காப்பது என்றால் எல்லையை மூடுவது. ஓசூரை ஒட்டிய ஜூஜூவாடியில் கர்நாடக எல்லை மூடப்பட்டது. மறுபக்கம், ஊத்தங்கரையைச் சுற்றிய மாவட்ட எல்லைகளில் இரும்புத் தடுப்புகள் எழுந்தன. அத்தடுப்புகளுக்கு இருபுறமும் நின்றவர்கள் யார், வீட்டில் இருந்தபடி அவற்றைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் யார் என்பதில்தான் இக்கட்டுரையின் பொருள் அடங்கியிருக்கிறது.

ஊத்தங்கரைப் பகுதியைச் சேர்ந்த கல்லூரி மாணவர்கள் சிலர் அண்மையில் எங்களிடம் வந்தனர். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் முடங்கியதால் விளைந்த மன உளைச்சலையும் அதைச் சமாளிக்கும் வழிகளையும் பற்றி அவர்கள் ஆய்வேடு எழுத வேண்டும். இணையத்தில் திரட்டிய வழிகளைப் பட்டியலிட்டிருந்தார்கள். மொட்டைமாடியில் நடைப்பயிற்சி, தனி அறையில் தியானம், நண்பர்களோடு காணொளி உரையாடல், புதிய பொழுதுபோக்கு. இவற்றுள் உங்கள் வீட்டில் எது நடந்தது என்று கேட்டோம். சிரித்தார்கள். நால்வரில் மூவர் காலனியில் இருந்து வந்தவர்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பதை எழுதித் தருகிறோம் என்று சொல்லியனுப்பினோம். கிருஷ்ணகிரி, தருமபுரி நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வழக்கறிஞர்களாகிய எங்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகளும் பெரும்பாலும் தொலைபேசியில்தான் கழிந்தன. உளவியல் எங்கள் துறையன்று. ஆனால் அடைப்பு என்பது ஒரு சட்ட நடவடிக்கை. அது யார் மீது எவ்வளவு எடையோடு விழுந்தது என்பதைச் சொல்ல எங்களுக்கும் இடமுண்டு.

இருநூறு சதுர அடி

'வீட்டிலேயே இருங்கள்' என்ற முழக்கம் வீடு என்று ஒன்றை முன்கூட்டியே கற்பனை செய்துகொள்கிறது. இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சப் பரப்பு 20 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 215 சதுர அடி. 2016க்குப் பின் வந்த பிரதமரின் திட்டத்தில் சமையலிடம் உட்பட 25 சதுர மீட்டர். எங்கள் பகுதிக் காலனிகளில் தொகுப்பு வீடு என்று அழைக்கப்படுபவை பெரும்பாலும் முதல் வகை. அவற்றில் ஒன்றில் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், மூன்று பிள்ளைகள் இருப்பது புதுமையன்று. ஆறு அடி இடைவெளி விடச் சொன்ன அரசுதான் இந்த வீட்டின் அளவையும் வகுத்தது.

இத்தகைய வீட்டில் மனிதர்கள் உண்மையில் வாழ்வது வீட்டுக்கு வெளியே. வாசல், தெருக்குழாய், வேப்பமரத்தடி, வயல், ஏரிக்கரை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றையும் சேர்த்தால்தான் அது வீடு. இரவில் உறங்கவும் மழைக்கு ஒதுங்கவுமே அந்தக் கான்கிரீட் பெட்டி. கோடை வெயிலில் அதன் கூரை எப்படிக் கொதிக்கும் என்பது மார்ச் 24க்குப் பின் பகல் முழுவதும் அதற்குள் இருக்க நேர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே அடைபட்ட மனம் பற்றிப் பேசும்போது முதலில் பிரித்தறிய வேண்டியது இது: பெரிய வீட்டுக்காரருக்கு அது சலிப்பாகத் தொடங்கியது, தொகுப்பு வீட்டுக்காரருக்கு அது உடலின் நெருக்கடியாகத் தொடங்கியது. தந்தையின் குடிவெறி, கடன்காரரின் அழைப்பு, வயதுப் பெண்ணின் மாதவிடாய், படிக்கும் பையனின் ஒரே செல்பேசி எல்லாம் ஒரே அறையில் நடந்தன. குழந்தைத் திருமணத்துக்குப் பேர்போன இவ்விரு மாவட்டங்களிலும் பள்ளி மூடியதும் பெண் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை தேடும் பேச்சு எழுந்தது. ஆதிதிராவிடர் நல விடுதிகள் மூடப்பட்டபோது மாணவர்கள் இழந்தது உணவும் படுக்கையும் மட்டுமில்லை. தமக்கென்று ஓர் அலமாரியும், சாதிப்பெயர் சொல்லி அழைக்காத ஒரு தெருவும் சேர்ந்தே போயின.

சொல்லிலும் ஒரு சிக்கல் இருந்தது. சமூக இடைவெளி என்று ஒலிபெருக்கியில் அறிவித்தபடி வாகனம் காலனிக்குள் வந்தபோது முதியவர் ஒருவர், அதைத்தானே இவ்வளவு காலமாகக் கடைப்பிடிக்கிறீர்கள் என்று சொன்னதை நாங்கள் கேட்டோம். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் மூன்றாம் வாரத்திலேயே உடல்சார்ந்த இடைவெளி என்னும் சொல்லுக்கு மாறிவிட்டது. நம் அறிவிப்புகளில் பழைய சொல் நெடுநாள் நீடித்தது. ஊரடங்கு என்ற சொல்லையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். எங்கள் பகுதிப் பேச்சில் ஊர் வேறு, காலனி வேறு. அடங்கச் சொல்லி ஊருக்கு ஆணை வந்தது 2020இல். காலனிக்கு அது வந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன.

சாலை என்பது யாருக்கு என்ன

நாட்டில் பயணத்தை ஒரு பொழுதுபோக்காக அறிந்தவர்கள் அதை இழந்து வருந்தினார்கள். தலித் மக்களுக்குச் சாலை விடுதலையின் முதல் படி. நிலமற்றவர் ஊரில் ஒரே ஆண்டையிடம் கட்டுண்டு கிடக்காமல் வேறிடத்தில் கூலி பேச முடிவது சாலையால்தான். ஊத்தங்கரை, கல்லாவி, சிங்காரப்பேட்டைப் பக்கத்து இளைஞர்கள் ஓசூர் சிப்காட் ஆலைகளுக்கும், அத்திப்பள்ளி, பொம்மசந்திரா வழியே பெங்களூருக் கட்டட வேலைக்கும் போனது வருமானத்துக்காக மட்டுமில்லை. அங்கே தேநீர்க் கடையில் குவளை ஒன்றுதான்.

அண்ணல் அம்பேத்கர் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர். அதில் விசா கேட்டு நிற்கும் தூதரகம் எதுவும் வருவதில்லை. 1901இல் கோரேகாவில் பணியிலிருந்த தந்தையைப் பார்க்கப் புறப்பட்ட சிறுவர்கள் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி நிற்கிறார்கள். சாதி தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இருமடங்கு கூலி தந்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கிடைக்காத ஓர் இரவைக் கடக்கிறார்கள். சொந்த நாட்டுக்குள் நடமாட அனுமதிச்சீட்டு வேண்டியிருந்த ஒரு மக்கள் கூட்டத்தின் நிலைக்கு அவர் இட்ட பெயர் அது.

சீட்டு என்பது உவமையாக மட்டும் இருந்ததில்லை. 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்ட குற்றப் பரம்பரையினர் சட்டத்தின்கீழ், அறிவிக்கப்பட்ட சமூகத்தார் கைரேகை பதிந்து, காவல் நிலையத்தில் முகம் காட்டி, வெளியூர் போக எழுத்துச் சீட்டுப் பெற வேண்டியிருந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். கிருஷ்ணகிரியும் ஊத்தங்கரையும் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தவை. இன்றும் தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் சேலம் மேல்நாடு குறவர், சேலம் உப்புக் குறவர் என்ற பெயர்களைக் காணலாம். அச்சட்டத்தை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டது 1920 ஏப்ரல் 3. அதன் நூற்றாண்டு நாள் 2020 ஏப்ரல் 3. அன்று நாடே வீட்டுக்குள் இருந்தது. எவரும் கூடி நினைவுகூர முடியவில்லை.

இந்தப் பின்னணியில் இ-பாஸ் முறையைப் பார்க்க வேண்டும். தொற்றைக் கட்டுப்படுத்தப் பயணத்தைக் குறைப்பது தேவைதான். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. கேள்வி, அந்தக் குறைப்பு எந்த வரைபடத்தை வைத்துச் செய்யப்பட்டது என்பதே. ஊத்தங்கரை நான்கு மாவட்டங்களின் முனையில் இருக்கிறது. தெற்கே அரூர் போனால் தருமபுரி மாவட்டம். வடக்கே திருப்பத்தூர், 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. கிழக்கே சிங்காரப்பேட்டையைத் தாண்டிச் செங்கம் போனால் திருவண்ணாமலை மாவட்டம். அரூரும் திருப்பத்தூரும் எங்களுக்கு மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியைவிட அருகில். பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர், பிரசவம் பார்த்த மருத்துவமனை, கூலி வேலை எல்லாம் இந்தக் கோடுகளின் இருபுறமும் கலந்து கிடக்கின்றன. அன்று கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. அது 2022இல்தான் திறக்கப்பட்டது. கடும் நோயாளியைத் தருமபுரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

2020 ஜூன் தொடக்கத்தில் மாநிலம் எட்டு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டபோது கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர், வேலூர், இராணிப்பேட்டை ஒரே மண்டலத்தில் வந்தன. சில வாரங்கள் மூச்சு விட முடிந்தது. செங்கம் மட்டும் வேறு மண்டலம். ஜூன் 25 முதல் மண்டலத்துக்குள்ளும் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் கட்டாயமாயிற்று. ஆகஸ்ட் இறுதி வரை இது நீடித்தது. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் இ-பாஸ் இல்லை. செப்டம்பர் 7 முதல் மாவட்டங்களுக்கிடையே பேருந்து ஓடியது.

அந்த இரண்டு மாதங்களும் சீட்டு எழுதுவதே எங்கள் வேலையாக இருந்தது. விண்ணப்பத்துக்கு ஆண்ட்ராய்டு செல்பேசி வேண்டும், அடையாள அட்டையின் படம் வேண்டும், காரணத்துக்கான சான்று வேண்டும், வாகன எண் வேண்டும். திருமணம், இறப்பு, மருத்துவம் என்று காரணங்கள் வரையறுக்கப்பட்டிருந்தன. திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தாய் இறந்த செய்தி கேட்டுப் புறப்பட்ட ஒரு பெண்ணுக்காக விண்ணப்பித்தோம். இறப்புச் சான்று இணைக்கச் சொன்னது திரை. காலையில் இறந்தவருக்கு நண்பகலுக்குள் சான்று எங்கே கிடைக்கும்? சொந்த வாகனம் எதுவும் அவரிடம் இல்லை. அண்டை வீட்டு இருசக்கர வாகனத்தின் எண்ணைப் போட்டோம். அனுமதி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. கூலி, கடன் வசூல், பிரிந்திருக்கும் பிள்ளையைப் பார்ப்பது ஆகியவை அந்தக் காரணப் பட்டியலிலேயே இல்லை. ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த அனைவருக்கும் உடனே அனுமதி என்று அரசு தளர்த்தியது. அதாவது அனைவருக்கும் தர முடிந்த ஒன்றுக்காகத்தான் அதுவரை அவ்வளவு காத்திருப்பு.

எல்லைக்கு அப்பாலும் இதே கதை. பெங்களூருக் கட்டடத் தளங்களில் சிக்கியவர்களுக்கு ஒப்பந்தக்காரர் பயணச் செலவு தர வேண்டும் என்றும், பயண நாட்களுக்கும் கூலி உண்டு என்றும் அன்று நடைமுறையில் இருந்த 1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம் கூறியது. ஒப்பந்தக்காரர் மூலம் ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ அழைத்துச் செல்லப்பட்டிருந்தால் அது பொருந்தும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, பதிவு இல்லை. எங்கள் அறிவிப்புகளுக்கு மேஸ்திரிகளின் செல்பேசிகள் அணைந்திருந்ததே பதிலாக வந்தது.

நகரம் அடைக்கலம் என்பதும், அது மூடியதும் என்ன நடந்தது என்பதும் இன்னொரு இடத்தில் கொடூரமாகத் தெரிந்தது. ஆரணி அருகே மொரப்பந்தாங்கலில், சாதி கடந்து காதலித்ததற்காக முன்பே ஊரைவிட்டுச் சென்னையில் இருந்த இளைஞர், ஊரடங்கால் ஊர் திரும்பிய சில நாட்களில், 2020 மார்ச் இறுதியில் கொல்லப்பட்டார். பெண்ணின் குடும்பத்தார் கைதானார்கள். ஊருக்குப் போவது எல்லோருக்கும் வீடு திரும்புதல் ஆகாது.

முள் வெட்டிப் போட்டவர்கள்

அரசு போட்ட தடுப்பு போதாதென்று 2020 ஏப்ரலில் பல கிராமங்கள் தாமே முள் வெட்டிப் போட்டும் மரத்தைச் சாய்த்தும் சாலையை மறித்தன. வெளியார் வராமல் காத்துக்கொள்கிறோம் என்றார்கள். அச்சம் உண்மையானது. ஆனால் காலனிக்குப் போகும் வழி ஊருக்குள் இருக்கும் இடங்களில் முள் எங்கே விழுந்தது என்பதைப் பார்த்தால் அச்சத்துக்குள் வேறொன்றும் தெரிந்தது. பெங்களூரிலிருந்து நடந்து வந்தவரைக் காலனிக்காரர் என்பதால் ஊர்த்தெரு வழியே விடாமல் ஏரிக்கரை வழியே சுற்றிப் போகச் சொன்னதை அறிவோம்.

மாணவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். பொதுச் சாலையை மூடும் அதிகாரம் எந்த ஊர்க்கூட்டத்துக்கும் கிடையாது, பெருந்தொற்றிலும் கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பொதுச் சாலை, பாதை, நீர்நிலை, சுடுகாடு, பொது வாகனம் ஆகியவற்றைப் பிறரைப்போல் பயன்படுத்த விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜெட்ஏ) பிரிவின்படி குற்றம். 2015 திருத்தத்தில் சேர்ந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் அதையடுத்த 3(1)(ஜெட்சி) பிரிவில் குற்றமாக்கப்பட்டுள்ளது. மளிகைக்கடையில் பொருள் தர மறுப்பதும் வேலைக்கு அழைக்காமல் ஒதுக்குவதும் அதற்குள் வரக்கூடும். இந்தப் பிரிவுகளை நாங்கள் புகார்களில் எழுதினோம். சில இடங்களில் முள் அகன்றது. வழக்காக ஏற்க வைப்பதில் தோற்றோம்.

எது தாங்கிப் பிடித்தது

இவ்வளவுக்கும் இடையில் மனம் எப்படித் தாங்கியது என்று மாணவர்கள் கேட்டார்கள். எங்கள் அனுபவத்தில் பெரிய மருந்து நூறு நாள் வேலை. 2020 ஏப்ரல் இறுதியில் அது மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு தமிழ்நாட்டுக்குரிய நாள் கூலி 256 ரூபாய். அந்தப் பணம் எவ்வளவு தேவையோ அதே அளவு தேவையாக இருந்தது காலையில் கூடையும் மண்வெட்டியுமாகப் பெண்கள் சேர்ந்து நடந்து போவது. ஏரிக்கரையில் ஐந்தடி தள்ளித் தள்ளி உட்கார்ந்து பேசிய பேச்சில் பல வீட்டு அடிதடிகள் வெளியே வந்தன. அவற்றில் இரண்டு எங்களிடம் வந்து, பாதுகாப்பு ஆணை வரை போயின. கணவன் குடித்துவிட்டு அடிப்பதை ஆலோசகரிடம் சொல்லாத பெண் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வாள். அந்த அக்காவைச் சந்திக்க ஒரு வெளி வேண்டும்.

பிள்ளைகளுக்கு மரத்தடி. படித்த இளைஞர்கள் சில காலனிகளில் மாலையில் எட்டுப் பத்துப் பிள்ளைகளை வைத்துப் பாடம் சொன்னார்கள். கல்வித் தொலைக்காட்சி பார்க்க முடியாத வீடுகளின் பிள்ளைகள் அவர்கள். பின்னாளில் இல்லம் தேடிக் கல்வி என்று அரசு செய்ததைக் காசின்றி முன்பே செய்தவர்கள். அதில் பாடம் நடத்திய இளைஞர்களுக்கே அதிகப் பயன் கிடைத்தது என்பது எங்கள் கணிப்பு. வேலை இழந்து திரும்பியவனுக்கு மாலை ஆறு மணிக்கு ஓர் இடத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடைத்தது.

மருத்துவ உதவி தேவைப்படும் நிலையும் உண்டு. தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் ஆகியவற்றை மரத்தடி தீர்க்காது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அரசுச் செலவில் மனநலச் சிகிச்சையை உரிமையாக்குகிறது. 14416 என்ற டெலி மனஸ் எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, தமிழில் பேசலாம். பெருந்தொற்றின் கடும் நாட்களில் அது இல்லை.

வழக்குகள் எங்கே

வெளியே வந்தவர்கள் மீது இந்தியத் தண்டனைச் சட்டம் 188ஆம் பிரிவில் வழக்குப் பதிந்தார்கள். வாகனங்களைப் பிடித்து வைத்தார்கள். அரசு ஊழியரின் ஆணையை மீறுவதற்கான அப்பிரிவில், உரிய அரசு ஊழியர் எழுத்துமூலம் முறையிட்டால்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்க முடியும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 195 கூறியது. காவல்துறை அதில் நேரடியாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது என்று 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாக்கியிருந்தது. இருந்தும் பதிந்தார்கள். பல அறிக்கைகளில் தொற்றுப் பரப்பும் அலட்சியத்துக்கான 269ஆம் பிரிவும் கூடவே வந்தது. அதற்கு இந்தத் தடை இல்லை.

அடியும் இருந்தது. 2020 ஜூனில் கடையை நேரம் கடந்து திறந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் இறந்ததை நாடு அறியும். அவ்வளவாக நினைவில் நில்லாதது, 2021 ஜூனில் எங்கள் அண்டை மாவட்டமான சேலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் காவலர் தாக்கியதில் ஒருவர் இறந்தது. தம் மாவட்டத்தில் மதுக்கடை மூடியிருந்ததால் பக்கத்து மாவட்டம் போய்த் திரும்பியவர் அவர். மாவட்ட எல்லை என்ற கோடு அவருக்கு உயிரின் எல்லையாயிற்று.

2020 ஜூன் 9 அன்று, ஊர் திரும்ப நடந்ததற்காகப் புலம்பெயர் தொழிலாளர்கள் மீது போடப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவது பற்றிப் பரிசீலிக்குமாறு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, வன்முறை, இ-பாஸ் மோசடி போன்றவை நீங்கலாகச் சுமார் 10 லட்சம் ஊரடங்கு வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

அறிவித்ததோடு பதிவேடு தானாகத் திருந்திவிடுவதில்லை. காவலர் தேர்வு எழுதும் இளைஞர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். முன்விவரச் சரிபார்ப்பில் பழைய வழக்கு தெரியவந்தால், அதைவிட அதை விண்ணப்பத்தில் குறிப்பிடாமல் விட்டிருந்தால், தேர்வு கைநழுவும். உங்கள் மீதோ அண்ணன் மீதோ 2020இலோ 2021இலோ வழக்குப் பதிந்ததாக நினைவிருந்தால், காவல் நிலையத்தில் குற்ற எண்ணைக் கேளுங்கள். வாய்மொழியாகத் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வழக்கு முடிக்கப்பட்டிருந்தால் உரிய நீதிமன்றத்தில் ஆணையின் சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள். முடிக்கப்படாமலே கிடந்தால், ஓராண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களை ஓராண்டுக்குள் நீதிமன்றம் ஏற்றிருக்க வேண்டும். பெருந்தொற்றுக்காக உச்ச நீதிமன்றம் கழித்துத் தந்த 2022 பிப்ரவரி வரையிலான காலத்தைச் சேர்த்தாலும் அந்தக் கெடு முடிந்துவிட்டது. ரத்துக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் 15100.

இன்னும் அவசரமான காரணம் ஒன்றும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் 188ஆம் பிரிவின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 223 வந்திருக்கிறது. பழைய பிரிவில் சாதாரண மீறலுக்கு ஒரு மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம். இப்போது ஆறு மாதம் அல்லது 2,500 ரூபாய். உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் மீறல் என்றால் ஆறு மாதமாக இருந்தது ஓராண்டாகியிருக்கிறது. 144 தடையாணை இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 163. எழுத்துமூல முறையீடு வேண்டும் என்ற பாதுகாப்பு மட்டும் 215ஆம் பிரிவாக மிஞ்சியிருக்கிறது. அடுத்த முறை தடுப்பருகே நிறுத்தப்படும்போது எந்த ஆணை, யார் பிறப்பித்தது, எந்தத் தேதி வரை என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வாகனத்தை எடுத்தால் எழுத்தில் ஒப்புகை கேட்க வேண்டும். சண்டையிட வேண்டாம். குறிப்பை அன்றிரவே எங்களைப் போன்ற யாரிடமாவது சேர்த்துவிடுங்கள்.

மாணவர்களின் ஆய்வேட்டுக்கு எங்களிடம் இருந்த இ-பாஸ் விண்ணப்பங்களைப் பெயர்களை மறைத்துத் தந்திருக்கிறோம். நிராகரிக்கப்பட்டவற்றை மட்டும் தனிக் கட்டாக வைத்திருக்கிறோம்.